ஆண்டுவிழாப் பேரனுக்கு

ஏலே, இங்க வா. அந்த லேப்டாப்பை மூடி வச்சிட்டு இந்தக் கயித்துக் கட்டில்ல வந்து உக்காரு. பயப்படாத, ஏச மாட்டேன். ஏசுததுக்கு ஒங்க அப்பன் இருக்கான். நான் பாராட்டத்தான் கூப்பிட்டேன்.

ஒன் பத்தியை இந்த வாரம் ஒரு எழுத்து விடாம வாசிச்சேன். கண்ணுல புரை எடுத்த பொறவு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. அதுதான் வினையாப் போச்சு. மொத ரெண்டு பாரா நாட்டு நடப்பு. நம்ம ஜனநாயகம் திருப்புமுனையில நிக்குதுன்னு ஆரம்பிச்சிருக்க. நான் 1962-ல மொத ஓட்டுப் போட்டவன். அன்னையிலிருந்து பாக்கேன், எவன் எழுதினாலும் அது அந்தத் திருப்பத்துலயேதான் நிக்கி. பக்கத்துல டீக்கடை ஏதும் இருக்கோ என்னமோ. பொறவு மக்கள் சிந்திக்க வேண்டும்னு முடிச்சிருக்க. சிந்திச்சோம்லே. இவன் எப்ப முடிப்பான்னுதான் சிந்திச்சோம்.

மூணாவது பாரா பேஸ்பால். அமெரிக்காவுல ரெண்டு வருசம் படிச்சிட்டு வந்தேல்லா, பட்டம் கொண்டாந்தியோ இல்லியோ, அந்த ஆட்டத்தைக் கொண்டாந்துட்ட. நாலாவது பாரா தூர்தர்ஷனுக்குப் பொறந்தநாள் வாழ்த்து. 1959 செப்டம்பர் 15, இதே டெல்லியில மொத ஒளிபரப்பு, வாரத்துக்கு ரெண்டே நாளு, ஆகா, அந்தக் காலம் திரும்புமான்னு ஒரு பெருமூச்சு. 1959-ல ஒங்க அப்பனே பொறக்கல. பெருமூச்சு விட நுரையீரல் இருந்தாப் போதும், வயசு வேண்டாம் போல.

நல்லாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஒறுத்திச்சு. அரசியல் எழுதுதப்போ ஒனக்கு ஞாபகம் போயிருது. ஞாபகம் எழுதுதப்போ அரசியல் போயிருது. மொத பாராவுல கோவக்காரனா வாரவன் நாலாவது பாராவுல கைக்குழந்தையா ஆயிருத. ஏன்னு எனக்குத் தெரியும். நாட்டு நடப்பு எழுதினா நாலு பேரு ஏசுவான். கபில்தேவ் பிடிச்ச கேட்சைப் பத்தி எழுதினா ஒருத்தனும் ஏச மாட்டான். அதனால காரத்தைத் தொட்டுட்டு ஓடிப்போயி கருப்பட்டிக்குள்ள ஒளிஞ்சுக்கிடுத. கெட்டிக்காரன்லே நீ. ஒன் வயசுல எனக்கு இந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தா பஞ்சாயத்துத் தலைவராவே ஆயிருப்பேன்.

ஆனா எங்க உக்காந்து எழுதுதன்னு யோசிச்சியா? மந்திர் மார்க்லே இது. வெள்ளைக்காரன் காலத்துல ரீடிங் ரோடு, ஒரு வைஸ்ராய் பேரு. அன்னா தெரியுது பாரு பிர்லா கோயில், லட்சுமி நாராயணன். எனக்கும் அதுக்கும் ஒரே வயசு. 1939-ல காந்தி தெறந்து வச்சாரு. எல்லாச் சாதிக்காரரையும் உள்ள விட்டாத்தான் வருவேன்னு முன்கூட்டியே சொல்லிட்டு வந்தவரு. அதே வருசம் ஜூலை மாசம் மதுரையில வைத்தியநாத அய்யர் ஒதுக்கி வச்ச சாதிக்காரங்களைக் கூட்டிட்டுப் போயி மீனாச்சி கோயிலுக்குள்ள நுழைஞ்ச கதை ஒனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லியிருப்பாக. நீ படிச்ச தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்கூடமும் இதே ரோட்டுலதான. காலையில தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிட்டு, சாயங்காலம் இந்தியில பேசிக்கிட்டு வீட்டுக்கு வருவ. நான் அந்தக் கோயில் வாசல்ல ஒனக்குக் கடலை வாங்கிட்டு நிப்பேன்.

இன்னும் கொஞ்சம் நடந்தா வால்மீகி கோயில். கூட்டுத தொழிலாளிங்க குடியிருப்பு. 1946 ஏப்ரல்ல இருந்து 47 வரை விட்டு விட்டு இருநூறு நாளுக்கு மேல காந்தி அங்கதான் தங்கியிருந்தாரு. லண்டன்ல இருந்து வந்த மந்திரிமாரும் அந்தச் சின்ன அறைக்குத்தான் போயிப் பேச வேண்டியிருந்துச்சு. இப்பவும் அந்த அறையை அப்படியே வச்சிருக்காக. நீ போயிருக்கியாலே? நம்ம வாசல்ல இருந்து நடந்தே போயிரலாம். யாங்கி ஸ்டேடியத்துக்கு மட்டும் மூணு ரயில் மாறிப் போனேல்லா.

சரி, ஒன் பேஸ்பாலுக்கே வாரேன். கெழவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காத. நீ அங்க இருந்து கொண்டாந்த அந்தத் தடிப் புஸ்தகத்தை ஒங்க ஆச்சிக்குத் தெரியாம நான்தான் ராத்திரி வாசிச்சேன். ஜாக்கி ராபின்சன்னு ஒருத்தரு. 1947 ஏப்ரல் 15-ந் தேதி புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக எறங்குதாரு. பெரிய லீக்ல அதுக்கு முன்னாடி அம்பது அறுபது வருசமா கறுப்புத் தோல் உள்ள ஒருத்தனையும் சேத்துக்கிடல. சட்டம் ஒண்ணும் இல்ல பாத்துக்கோ, சும்மா ஒரு பழக்கம். நம்மூர்ல பாதி விசயம் நடக்குத மாதிரியே. அவரு எறங்கினதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னால காந்தி நம்ம ரோட்டு வால்மீகி குடியிருப்புல உக்காந்து மவுண்ட்பேட்டன்கிட்ட பேசிட்டு வந்துக்கிட்டிருக்காரு. ஒரே மாசம். ஒன் பத்தியில பேஸ்பாலும் இருக்கு, டெல்லியும் இருக்கு, இது மட்டும் இல்ல.

இப்ப வருசா வருசம் ஏப்ரல் 15 வந்தா எல்லா அணியிலயும் எல்லா ஆட்டக்காரனும் அவரோட 42-ம் நம்பர்ச் சட்டையைப் போட்டுக்கிடுதானாமே. நீயும் ஒண்ணு வாங்கி வச்சிருக்க, கொடியில காயுது. நல்ல விசயம்தான். ஆனா அந்த மனுசன் ஆட்டத்தை விட்ட பொறவு என்ன செஞ்சாரு? ஒன் தொழில்தான்லே! 1959-ல நியூயார்க் போஸ்ட்ல பத்தி எழுத உக்காந்தாரு. நெனச்சதை எழுதினாரு. மறுவருசத் தேர்தல்ல கென்னடி வேண்டாம், நிக்சன்தான்னு நின்னாரு. அவரு ஆளுகளே மொகஞ் சுளிச்சாக. நாலு வருசம் கழிச்சு அவரு நம்பின கட்சியே கோல்ட்வாட்டர்ங்குத ஆளை வேட்பாளரா நிறுத்தினப்போ, அந்த மாநாட்டுல இருந்து நொந்து போயித் திரும்பினாரு. 1972-ல சாகுததுக்கு முன்னால தன் கதையை எழுதினப்போ, தேசிய கீதத்துக்கு என்னால எந்திச்சு நிக்க முடியலங்குத அர்த்தத்துல எழுதிட்டுத்தான் போனாரு. 42-ம் நம்பர் சட்டையை எல்லாரும் போடுதான். அந்தப் பக்கத்தை எவனாவது மைக்குல வாசிக்கானா? வாசிக்க மாட்டான். சட்டை துவைச்சா வெளுத்துரும்லா.

ஒன் பத்தியிலயும் சட்டை மட்டும்தான் இருந்துச்சு.

நமக்கு ராபின்சன் இல்லையான்னு கேக்கியா? அவருக்கு முப்பத்தாறு வருசம் முன்னாலயே இருந்தாரு. பல்வங்கர் பாலு. செருப்புத் தைக்குத சாதியில பொறந்த ஆளு. புனாவுல வெள்ளைக்காரன் கிளப்புல மைதானம் பெருக்குத வேலை, வலை கட்டுத வேலை. அப்படியே வெள்ளைக்காரனுக்குப் பந்து போட்டுப் போட்டு, எடது கை சுழல்ல எவனும் தொட முடியாத ஆளா ஆயிட்டாரு. 1911-ல இங்கிலாந்து போன இந்திய அணியில அவரு ஒருத்தரே நூறு விக்கெட்டுக்கு மேல சாய்ச்சாரு. புனாவுல இந்து அணிக்காரக அவரைச் சேத்துக்கிட்டாக, ஜெயிக்கணும்லா. ஆனா டீ நேரத்துல அவருக்கு மட்டும் வெளிய, மண் குவளையில. பந்தைத் தொடலாம், அவரு தொட்ட பந்தை இவுகளும் தொடலாம், குவளைதான் ஆகாது. எந்தச் சாஸ்திரத்துல அப்படி வகுத்திருக்குன்னு இன்னைய வரைக்கும் எனக்குப் புரியல. கடைசி வரைக்கும் கேப்டன் ஆக்கவே இல்ல. தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல அது கெடச்சிச்சு.

இதுல அரசியல் எங்கன்னு நெனைக்காத. 1937 தேர்தல்ல பம்பாயில காங்கிரஸ் அவரை நிறுத்திச்சு. எதுத்து நின்னது யாரு தெரியுமா? அம்பேத்கர். ஒரு காலத்துல பாலுவைத் தலைமேல வச்சுக் கொண்டாடின அம்பேத்கர்! பாலு தோத்தாரு. கிரிக்கெட்டு, கட்சி, சாதி, எல்லாத்தையும் ஒரே ஆளு தலையில ஏத்தி வச்சிருக்கு காலம். இவருக்கு எந்தத் தேதியில எந்த நம்பர்ச் சட்டையை எவன் போடுதான், சொல்லு பாப்போம்.

நீ கிரிக்கெட்டுன்னா 83-ங்க. ஜூன் 25, லார்ட்ஸ், நாம 183, அவங்க 140. நம்ம ஸ்ரீகாந்த் அடிச்ச 38-தான் அந்த ஆட்டத்துலயே அதிகம்னு சொல்லி நீ நெஞ்சை நிமித்துத, நானும் நிமித்தினேன். ரிச்சர்ட்ஸ் தூக்கி அடிச்ச பந்தைக் கபில்தேவ் பின்னால ஓடிப் பிடிச்சதைப் பாத்துட்டு மாடி வீட்டு சர்தார்ஜி என்னைத் தூக்கிச் சுத்தினாரு. வேட்டி அவிழ்ந்துருச்சு. அதெல்லாம் எழுது. ஆனா எங்க ஊர்ப் பக்கம் அப்ப தூர்தர்ஷன் கெடையாது. ஒசரமாக் குழாய் நட்டு ஆன்டெனா மாட்டினா இலங்கையில இருந்து ரூபவாஹினிதான் வரும். புள்ளிப் புள்ளியா வந்தாலும் சந்தோசமாப் பாத்தாக. அந்தக் கப்பை வாங்கி ஒரு மாசம் ஆகல. ஜூலை 24 ராத்திரி கொழும்புல தமிழன் வீடு எரிய ஆரம்பிச்சிச்சு. அதே 83-தான. தூத்துக்குடியில ஒன் பெரியாச்சி அந்தப் பெட்டியைத் துணி போட்டு மூடி வச்சா, ரொம்ப நாளைக்குத் தெறக்கவே இல்ல. நீ 83-ன்னு எத்தனை பத்தி எழுதியிருப்ப? அதுல ஜூலைன்னு ஒரு மாசம் வரவே இல்ல.

ஏலே, மொகத்தைத் தொங்கப் போடாத. சிரிக்குத சங்கதியும் வச்சிருக்கேன்.

1999-ல சென்னையிலயும் டெல்லியிலயும் பாகிஸ்தான் கூட டெஸ்ட். மொத ஆட்டம் டெல்லி கோட்லாவுலன்னு முடிவு பண்ணி வச்சிருந்தாக. ஜனவரியில சிவசேனைக்காரங்க ராத்திரியோட ராத்திரியா வந்து பிட்ச்சைத் தோண்டிப் போட்டுட்டாங்க. தேசபக்தியை மம்பட்டி வச்சுக் காட்டினது ஒலகத்துலயே அவங்களாத்தான் இருக்கும். மொத ஆட்டம் சென்னைக்குப் போச்சு. நாம பன்னெண்டே ரன்னுல தோத்தோம். சேப்பாக்கத்துல சனம் எந்திச்சு நின்னு பாகிஸ்தான்காரனுக்குக் கைதட்டிச்சு, அவங்க மைதானத்தைச் சுத்தி வந்தாங்க. பொறவு தோண்டின இடத்தை ரிப்பேர் பண்ணி, பிப்ரவரி 7-ந் தேதி அதே கோட்லாவுல கும்ப்ளே பத்து விக்கெட்டையும் ஒத்தை ஆளா எடுத்தாரு. பத்துக்கு எழுபத்துநாலு. வருசா வருசம் நீ கும்ப்ளேவுக்கு ஒரு பாரா ஒதுக்குத. மம்பட்டிக்கு ஒரு வரி ஒதுக்கினா என்ன? அப்படியே அந்த மைதானத்துக்கு 2019-ல அருண் ஜேட்லி பேரை வச்சதையும், மறுவருசம் அங்க ஜேட்லிக்குச் சிலை வைக்கப் போறாகன்னதும் பிஷன் சிங் பேடி, அப்ப என் பேருல இருக்குத ஸ்டாண்டுல இருந்து என் பேரை எடுத்துருங்கன்னு எழுதின கடுதாசியையும் சேத்துக்கோ. ஆளு சுழல்பந்துக்காரன்லா, ஓய்வு பெத்தும் பந்து திரும்பிச்சு.

இனிமேத்தான் டிவி. இதுல எனக்கு நெறைய பாத்தியதை உண்டு.

1987-ல இதே குவார்ட்டர்ஸ் வரிசையில கீழ் வீட்டுல இருந்தோம். ஒங்க அப்பன் தவணையில ஒரு வெஸ்டன் பெட்டி வாங்கினான், கறுப்பு வெள்ளை. கலரு 1982 ஆசிய விளையாட்டுக்கே வந்தாச்சு, நம்ம வீட்டுக்கு வர அதுக்குப் பொறவும் பல வருசம் ஆச்சு. மரக் கதவை ரெண்டு பக்கமும் இழுத்து மூடலாம், பூட்டுகூட உண்டு. சாவி ஒங்க ஆச்சி இடுப்புல. அந்த ஜனவரி 25-ல ராமாயணம் ஆரம்பிச்சிச்சு. ஞாயித்துக்கிழமை ஒம்பதரை மணி. ரோட்டுல பஸ்ஸு ஓடாது, காய்கறி வண்டி வராது. மாடி வீட்டுல அப்ப சர்தார்ஜி மாறிப் போயி வேற ஒருத்தரு குடிவந்திருந்தாரு. குளிச்சு, நெத்தியில சந்தனம் வச்சு, குடும்பத்தோட எறங்கி வருவாரு. அவுக வீட்டு அம்மா பெட்டி மேல ஒரு சாமந்தி மாலையைப் போட்டு ஊதுபத்தி கொளுத்தி வைக்கும். ராமரா வந்த அருண் கோவில் சிரிச்சா இங்க எல்லாரும் கும்பிடுவோம். என் இந்தி அன்னைக்கும் இன்னைக்கும் கித்னா, பஸ், அவ்வளவுதான். கம்பன் தயவுல கதை புரிஞ்சிச்சு.

நீ அதைப் பொற்காலம்னு எழுதியிருக்க. இருக்கட்டும். அந்தப் பெட்டிக்குள்ள இருந்த ஆளுக பொறவு எங்க போனாகன்னு ஒரு பாரா போட்டிருந்தா நான் மெச்சியிருப்பேன். ராமர் வேசம் போட்ட அருண் கோவில் 1988-ல அலகாபாத் இடைத்தேர்தல்ல காங்கிரசுக்குப் பிரச்சாரம் பண்ணினாரு. ராமரே வந்து கேட்டும் சனம் வி.பி. சிங்குக்குக் குத்திருச்சு. சீதையா வந்த தீபிகா 91-ல பா.ஜ.க. எம்.பி. ராவணனா வந்த அரவிந்த் திரிவேதியும் அதே தேர்தல்ல அதே கட்சி எம்.பி. வால்மீகியோ கம்பனோ முடிக்கத் தெரியாத சண்டையைக் கட்சி முடிச்சு வச்சிருச்சு, சீதையும் ராவணனும் ஒரே வரிசையில. ராமருதான் பாவம், காங்கிரசுல இருந்து சுத்தி அந்தப் பக்கம் வந்து மீரட்ல ஜெயிக்க 2024 ஆயிருச்சு. பதினாலு வருசம்னு வரம் கேட்ட கைகேயியே இரக்கப்பட்டிருப்பா.

இப்பச் சொல்லுத கதையைக் கவனமாக் கேளு. 88 ஜூலையில தொடர் முடியப் போகுது. பட்டாபிசேகத்தோட சுபம். ஆனா வால்மீகி கதைக்குள்ள தானே ஒரு ஆளா வந்து, சீதைக்கு எடம் குடுத்து, லவ குசனை வளர்க்குத பகுதி அதுக்குப் பொறவுல்லா வருது, உத்தர காண்டத்துல? பஞ்சாப்ல ஜலந்தர்ல கூட்டுத தொழிலாளிங்க வேலையை நிறுத்திட்டாங்க. எங்க வால்மீகி வார கதையை எடுக்காம முடிக்கக் கூடாதுன்னு. வடக்க இன்னும் பல ஊருக்குப் பரவிச்சு. குப்பை மலையாக் குமிஞ்சிச்சு. சர்க்கார் எறங்கி வந்துச்சு, பிற்பாடு லவ குசன் கதை தனித் தொடரா வந்துச்சு. ஒலகத்துல எந்த ஊர்லயாவது சீரியலுக்குக் கூடுதல் எபிசோடு கேட்டு வேலைநிறுத்தம் நடந்திருக்காலே? சம்பளம் கேக்கல, போனஸ் கேக்கல. நாங்க கும்பிடுத ரிசியை ஒங்க பெட்டியில காட்டுன்னாங்க. தூர்தர்ஷன் ஆண்டுவிழாவுக்கு நான் எழுதினா இந்த ஒண்ணைத்தான் எழுதுவேன். நீ என்னடான்னா விளம்பரப் பாட்டை வரிசையா ஞாபகப்படுத்தியிருக்க. சோப்புத்தூள் கம்பெனிக்காரன் காசு ஏதும் குடுத்தானா?

2020 பொதுமுடக்கத்துல மறுபடி போட்டாக, மார்ச் 28-ல இருந்து. ஏப்ரல் 16-ந் தேதி மட்டும் 7 கோடியே 70 லட்சம் பேரு பாத்தாகன்னு தூர்தர்ஷன் பெருமையாச் சொல்லிச்சு. ஒன் பத்தியிலயும் அந்தக் கணக்கு இருந்துச்சு. அதே மார்ச் 28-ந் தேதி ஆனந்த் விஹார் பஸ் ஸ்டாண்டுல ஆயிரக்கணக்கான கூலிக்காரங்க பிள்ளைகளைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊருக்குப் போக பஸ்ஸு தேடி நின்னாங்க. இந்த வீட்டுல இருந்து பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் இருக்குமா? காட்டுக்கு நடந்து போன ராமரை நாம பெட்டியில பாத்துக்கிட்டிருந்தோம், நடந்து போன சனத்தையும் அதே பெட்டியிலதான் சேனல் மாத்திப் பாத்தோம். ஒனக்கு ரிமோட்டு கையில இருந்துச்சு, எனக்குத் தெரியும். நான் பக்கத்துல இருந்தேன்.

நாட்டு நடப்பு, ஆட்டம், டிவி மூணையும் ஒண்ணாச் சேத்தது நீதான்னு நெனப்பு வேண்டாம். இந்த ரோட்டுலயே ஆரம்பிச்ச காரியம் ஒண்ணு உண்டு. 2014 அக்டோபர் 2. மோடி நம்ம மந்திர் மார்க் போலீஸ் ஸ்டேசனுக்கு வந்து கூட்டினாரு, பொறவு வால்மீகி குடியிருப்புல வெளக்கமாத்தைப் பிடிச்சாரு. தூய்மை இந்தியா. நான் பால் வாங்கப் போனவன், போலீஸ்காரன் விடல. அன்னைக்கே ஒம்பது பேரை நீங்களும் கூட்டுங்கன்னு அழைச்சாரு. அதுல டெண்டுல்கரு உண்டு, எதிர்க்கட்சியில இருந்து சசி தரூர் உண்டு, நம்ம கமல்ஹாசன் உண்டு, ராத்திரி ஓடுத ஒரு இந்தி சீரியல் கூட்டமே உண்டு. ஒன் பத்தியோட நாலு பாராவும் அந்தப் பட்டியல்ல அடங்கிருச்சு. அதுக்கு முந்தின வருசம் இதே வெளக்கமாத்தைச் சின்னமா வச்சு கெஜ்ரிவால் நம்ம தொகுதியில ஷீலா தீட்சித்தைக் கூட்டித் தள்ளினாரு. 2025-ல அவரையும் தள்ளியாச்சு. சின்னம் ஒருத்தருது, திட்டம் இன்னொருத்தருது, படம் எல்லாருது. தெனமும் கூட்டுதவன் மட்டும் அந்தக் காலத்துல இருந்த அதே ஆளு, இல்லன்னா அவன் மவன்.

மனுசன் மலத்தை மனுசன் கையால அள்ளக் கூடாதுன்னு 1993-ல ஒரு சட்டம், பத்தலன்னு பாதுகாப்பில்லாம மலக்குழியில எறக்குததையும் சேத்து 2013-ல இன்னொரு சட்டம். செத்தா குடும்பத்துக்குப் பத்து லட்சம்னு 2014-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சு, 2023 அக்டோபர்ல அதை முப்பதாக்கிச்சு. பெஜவாடா வில்சன்னு ஒருத்தரு காலம்பூரா இதுக்கே அலையுதாரு. சாவு நிக்கல, தொகைதான் ஏறுது. இந்தத் தேதிக்கெல்லாம் ஒருத்தனும் ஆண்டுவிழா எடுக்கல. ஒன் டைரியில குறிச்சுக்கோ, எடம் காலியாத்தான் இருக்கும்.

ஒனக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்லுதேன், ஒங்க ஆசிரியர்கிட்டச் சொல்லிராத. ஆண்டுவிழா எழுதணும்னா எழுது, வேண்டாங்கல. எழுதுததுக்கு முன்னால அன்னைய பேப்பரை எடுத்து அந்தச் சந்தோசச் செய்திக்கு அடுத்த பக்கத்தைப் பெரட்டிப் பாரு. கப்பைத் தூக்கின படம் மூணாம் பக்கம்னா நாலாம் பக்கத்துல என்னன்னு பாரு. அதை எழுத முடியாட்டா மூணாம் பக்கத்தையும் எழுதாத. பொறவு நாட்டு நடப்புக்கு வா. எழுதி முடிச்சதும் இதை வாசிச்சு யாரு கோவிச்சுக்கிடுவான்னு பேரு போட்டுப் பாரு. ஒரு பேரும் வரலன்னா தபால்ல போடலாம், பொங்கல் வாழ்த்து அட்டையா. நாலு பேரும் நீ ஏற்கெனவே ஏசுத ஆளுகன்னா அதுவும் சேராது, அவங்க ஒன்னை வாசிக்கவே மாட்டாங்க. ஒன்னை மெச்சுதவன் ஒருத்தனாவது மொகத்தைத் திருப்பணும். ராபின்சனுக்குத் திருப்பினாக பாரு, அப்படி.

யாரைக் கோவிக்க வைக்கன்னு முழிக்காத. ஆளும் நான்தான் தாரேன்.

அந்த 87 ராமாயண ஞாயித்துக்கிழமையில பின் சந்து கூட்டுத ஆளு ஒருத்தரு வருவாரு. இந்த வால்மீகி குடியிருப்புதான். ஒம்பதரைக்கு வெளக்கமாத்தைச் செவுத்துல சாத்தி வச்சிட்டு, நம்ம பின்வாசல் படிக்கு வெளிய நின்னுக்கிட்டே பாப்பாரு. தலையில துண்டு. வெயில் ஏறினா கண்ணுக்கு மேல கையை வச்சுக்கிட்டுப் பாப்பாரு, கறுப்பு வெள்ளைப் பெட்டியில வெளிச்சம் பட்டா ஒண்ணும் தெரியாதுல்லா. அனுமாரு கடலைத் தாண்டின அன்னைக்கு ஒங்க ஆச்சி எந்திச்சுப் போயி, உள்ள வந்து உக்காருங்கண்ணான்னு தமிழ்லயே கூப்பிட்டா. அவரு தயங்கித் தயங்கி வந்து வாசப்படிக்கு இந்தப் பக்கம் குத்துக்கால் போட்டு உக்காந்தாரு. அன்னைக்குக் கதை முடியுத வரைக்கும் எல்லாரும் கும்பிட்டோம், அவரும் கும்பிட்டாரு. அடுத்த வாரம் மாடி வீட்டுக்காரரு எறங்கி வரல. அதுக்கடுத்த வாரமும் வரல. மாசக் கடைசியில அவரே ஒரு பெட்டி வாங்கிட்டாரு, கலரு. கொள்கைக்காக அம்புட்டுச் செலவு பண்ணின ஆளை நான் அதுக்குப் பொறவு பாக்கல.

ஒங்க ஆச்சி செஞ்சது பெரிய காரியம்னு நான் அந்தக் காலத்துல ஊருக்குக் கடுதாசி போட்டேன். ஒங்க அப்பன் அதை இன்னைக்கும் கல்யாண வீட்டுல எல்லாம் சொல்லுவான், நீயும் ஒரு நாள் சொல்லத்தான் போற. தூர்தர்ஷன் ஆண்டுவிழாவுக்கு அருமையான பாரா, கண்ணுல தண்ணி வந்துரும். ஆனா ஒருத்தனும் இது வரைக்கும் ஒண்ணு கேக்கல. ராமாயணம் முடிஞ்சதும் ஆச்சி எல்லாருக்கும் டீ போட்டுக் குடுப்பா. அந்த ஆளுக்கும் குடுத்தா. நம்ம வீட்டுல அப்ப எவர்சில்வர் தம்ளர் ஆறு, அலமாரிக்கு வெளிய பைப்புக்கிட்ட தனியாக் கவுத்தி வச்ச பீங்கான் கோப்பை ஒண்ணு. எதுல குடுத்தா?

நான் சொல்ல மாட்டேன். அன்னா அடுக்களையிலதான் நிக்கா, காது நல்லாக் கேக்கும். போயிக் கேளு. கேட்டுட்டு, அவ என்ன சொன்னாளோ அதை அப்படியே எழுதிக்கிட்டு வா, பேரும் போடு, நம்ம குவார்ட்டர்ஸ் நம்பரும் போடு.

கேக்கப் பயமா இருந்தா பேஸ்பாலைப் பத்தியே எழுதிட்டுப் போ. அந்த 42-ம் நம்பர் சட்டை காஞ்சிருக்கும், எடுத்து மடிச்சு வை. மேகம் கறுக்கு.